சுறாப் புட்டு தின்றவன் ஃபுவாமுலா போன கதை

பிப்ரவரி 3, 2025, திங்கள்

ஆள் வந்து சேர்ந்துவிட்டேன். பை வரவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து மாலே வரை ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து தெற்கே, மாலத்தீவின் ஃபுவாமுலா தீவுக்குப் போகும் சின்ன விமானத்தில்தான் வினை. எடை கூடிவிட்டதாம். ஏழெட்டுப் பேரின் பைகளை இறக்கி வைத்துவிட்டுப் பறந்திருக்கிறார்கள். அதைத் தரையிறங்கிய பிறகுதான் சொன்னார்கள். "நாளைக்கு வரும், இன்ஷா அல்லா" என்று கவுண்டரில் இருந்த பெண் புன்னகையோடு சொன்னார். கோபப்பட நினைத்தேன். பக்கத்தில் நின்ற இத்தாலிக்காரர் அதை எனக்கும் சேர்த்துச் செய்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

துணிமணி போனால் போகட்டும். தண்ணீருக்கடியில் பார்க்க நான் போடும் கண்ணாடி மாஸ்க் அந்தப் பைக்குள் இருக்கிறது. மைனஸ் நான்கு பவருக்குத் தனியாகச் செய்து வாங்கியது. அது இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கினால் எனக்குச் சுறாவும் ஒன்றுதான், சிமெண்டு மூட்டையும் ஒன்றுதான்.

எதற்கு இங்கே வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை. எங்கள் பக்கம் தூத்தூரைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். லட்சத்தீவைத் தாண்டி இந்தப் பக்கம் வரைக்கும் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போடுவார்கள். என் தாய்மாமாவும் அப்படிப் போய் வந்தவர்தான். பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறா, மற்ற நாளில் சுறாப் புட்டு என்று தின்று வளர்ந்த உடம்பு இது. ஆனால் உயிரோடு ஒரு சுறாவை நான் பார்த்ததில்லை. நாற்பத்து நான்கு வயதில் புதுச்சேரியில் ஸ்கூபா, அதாவது காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் முங்குவது, கற்றுக்கொண்டு, இருபத்து மூன்று முறை இறங்கி, அதன் பிறகும் பார்க்கவில்லை. புலிச் சுறாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபுவாமுலாதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கிளம்பும் முன் மாமாவிடம் சொன்னேன். "காசு குடுத்தா சொறாவப் பாக்கப் போற? எங்கிட்ட கேட்டிருந்தா அந்தக் காசுக்கு நாலு நாள் கடல்ல வச்சிருந்திருப்பேனே மக்கா" என்றார்.

இரவு மழை. தங்கும் வீட்டுக்காரர் தன்னுடைய கைலி ஒன்றும் டி-ஷர்ட் ஒன்றும் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார். சட்டை இரண்டு அளவு பெரியது. பரவாயில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் மஸ் ஹுனி. வேகவைத்த சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள ரோஷி, அதாவது மெல்லிய சப்பாத்தி. ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது, இது நம் சுறாப் புட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மஞ்சளும் தாளிப்பும் இல்லை, அவ்வளவுதான். கறுப்புத் தேநீரோடு சேர்த்து 50 ருஃபியா. நம் காசுக்கு 280 ரூபாய் வரும். முதல் நாள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். இரண்டாம் நாளிலிருந்து பெருக்குவதை நிறுத்திவிட்டால்தான் சோறு இறங்கும்.

ஒரு முறை இறங்க வாடகைச் சாமான்களோடு 120 டாலர். மாமாவிடம் இந்தத் தொகையைச் சொல்லவே போவதில்லை.

வழிகாட்டி இந்தத் தீவுக்காரப் பையன், இருபத்தாறு வயது இருக்கலாம். படகில் ஏறும் முன் விதிகளைச் சொன்னான். கறுப்பு உடை. கைகள் மார்போடு கட்டியிருக்க வேண்டும். வெள்ளையாக, பளபளப்பாக எதுவும் ஆடக்கூடாது. வரிசையை விட்டு விலகக்கூடாது. முக்கியமாக, சுறாவுக்கு முதுகைக் காட்டக்கூடாது. "அது உங்களைப் பார்க்கிறது என்று நீங்கள் அறிந்திருப்பது அதற்குத் தெரிய வேண்டும்" என்றான். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்கும் இதே விதிதான்.

நேராக நம் மேல் வந்தால் என்ன செய்வது என்று இத்தாலிக்காரர் கேட்டார். "நிமிர்ந்து நில்லுங்கள். மூக்கைத் தொட்டுத் திருப்பிவிடுவது எங்கள் வேலை."

இடத்தின் பெயர் டைகர் ஜூ. மிருகக்காட்சி சாலை என்றால் எவ்வளவு தூரமோ என்று நினைத்தால், துறைமுக வாயைத் தாண்டியதும் படகு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் கரையில் ஒருவர் மோட்டார் சைக்கிள் கழுவுவது தெரிகிறது. இவ்வளவு பக்கத்தில் ஏன் வருகின்றன என்பதற்குக் காரணம் எளியது. மீனவர்கள் காலங்காலமாகச் சூரையை வெட்டிச் சுத்தம் செய்து கழிவைத் துறைமுகத்தில் வீசினார்கள். சுறா வாசம் பிடித்து வந்தது, வந்து பழகியது. அதோடு இந்தத் தீவுக்கு மற்ற மாலத்தீவுகள் மாதிரி சுற்றிலும் அகன்ற காயல் கிடையாது. தன்னந்தனியாக நிற்கும் ஒற்றைத் தீவு. பார், அதாவது கரையை ஒட்டிய பவளத் திட்டு, முடிந்த இடத்திலிருந்து செங்குத்தாகப் பெருங்கடல். பெரிய மீனுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை.

எட்டு மீட்டர் ஆழத்தில் பவளத் துண்டுகள் கிடக்கும் தரையில் வரிசையாக முழங்காலிட்டோம். வாடகை மாஸ்க். முன்னால் இருப்பவர் காலில் மாட்டிய ரப்பர் துடுப்பு, ஃபின், தெரிகிறது, அதற்கப்பால் ஒரே நீல மாவு. வழிகாட்டி சூரைத் தலைகளைப் பாறைக்கடியில் செருகுவது நிழலாகத் தெரிந்தது. அப்புறம் ஒரு சாம்பல் மேகம் இடமிருந்து வலம் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பக்கத்தில் இருந்த ஜெர்மன் பெண் என் புஜத்தைப் பிடித்தார். அந்தப் பிடியின் இறுக்கத்தை வைத்துத்தான் எது கிட்டே வருகிறது, எது தள்ளிப் போகிறது என்று நான் கணக்கிட்டேன்.

நாற்பத்தைந்து நிமிடம். எனக்குத் துளிகூடப் பயம் வரவில்லை. மேலே வந்ததும் வழிகாட்டி என்னை மெச்சினான். முதல் முறையிலேயே இவ்வளவு அமைதியாக இருந்தவர் குறைவு, காற்றுகூட நீங்கள்தான் மிச்சம் வைத்திருக்கிறீர்கள் என்றான். "எத்தனை வந்தன?" என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. "ஏழு. நீங்கள் பார்க்கவில்லையா?"

உண்மையைச் சொன்னேன். படகே சிரித்தது.

பிப்ரவரி 5, புதன்

நேற்று இரவு ஒன்பது மணிக்குப் பை வந்தது. ஒரு சக்கரம் உடைந்திருந்தது. மாஸ்க்குக்குச் சேதமில்லை.

இன்று அதே இடம், அதே வரிசை, அதே எட்டு மீட்டர். கண் மட்டும் தெரிகிறது. எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் முழங்கால் சரியாகவில்லை.

முதலில் ஒன்றுமில்லை. கிளிமீன்கள் பவளத்தைக் கறுக்கு கறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்டது. கடலுக்குள் இவ்வளவு சத்தமாக யாரோ முறுக்குத் தின்பது மாதிரி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்புறம் பாரின் விளிம்பில், ஆழம் கறுக்கத் தொடங்கும் இடத்தில், கீழேயிருந்து ஒரு மூஞ்சி மேலே ஏறியது. சுறா என்றால் கூர்மூக்கு என்று சந்தையில் பார்த்துப் பழகியவன் நான். இதன் மூஞ்சி சதுரம். மொண்ணை. உடம்பு முன்பக்கம் பீப்பாய் மாதிரி, பின்னால் போகப் போக மெலிந்து வாலில் ஒன்றுமில்லாமல் ஆகிறது. விலாவில் கோடுகள், நனைந்த சுவரில் பழைய சுண்ணாம்பு கசிந்த மாதிரி. குட்டியில் கோடு அழுத்தமாக இருக்கும், வயதாக ஆக மங்கும். அந்தக் கோடுகளைப் புகைப்படத்தில் ஒப்பிட்டுத்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு தீவில் மட்டும் இருநூறுக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். பெரும்பாலும் பெண். பல சமயம் வயிற்றில் குட்டியோடு வருமாம்.

அது அவசரப்படவில்லை. இதை எப்படிச் சொல்வது... எங்கள் ஊரில் தேர் திரும்பும் மூலையில் கூட்டம் தானாக வழிவிடுமே, அப்படி மற்ற மீனெல்லாம் ஒதுங்கின. களவாய் மீன் ஒன்று பாறைக்குள் பின்னோக்கிப் போனதைப் பார்த்தேன். நாலு மீட்டர் நீளம் இருக்கும். அடிவயிற்றில் ஒட்டு மீன்கள் இரண்டு. சூரைத் தலையைப் பாறையோடு சேர்த்துக் கவ்வி ஒரு உலுக்கு உலுக்கியது. பவளத்தூள் புகையாகக் கிளம்பியது. அந்தப் புகைக்குள்ளிருந்து என் பக்கமாகத் திரும்பி வந்தது.

நான் நிமிர்ந்தேன். கண்ணைப் பார்த்தேன். பெரிய வட்டக் கண். கறுப்பு. சந்தையில் ஐஸ் மேல் கிடக்கும் கண் மங்கிப் பால் படிந்திருக்கும். இது அப்படி இல்லை. என் மேல் வந்து நின்று, என்னைத் தாண்டி, ஜெர்மன் பெண் மேல் போய், மறுபடி என் மேல் வந்தது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் வலது பக்கம் மெல்லச் சாய்ந்து தலைக்கு மேலே கடந்தது. வயிறு வெள்ளை. வாயின் இடது ஓரத்தில் ஒரு தூண்டில் முள் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பாசி முளைத்திருந்தது.

நேற்று மிச்சம் வைத்த காற்றையெல்லாம் இன்று சேர்த்துக் குடித்திருக்கிறேன். இருபத்தெட்டாவது நிமிடத்திலேயே உருளையின் காற்றழுத்தம் 70 பாருக்கு இறங்கிவிட்டது. நான்தான் முதலில் மேலே வந்தேன். வழிகாட்டி மெச்சவில்லை.

படகில் முள்ளைப் பற்றிக் கேட்டேன். இங்கே வரும் பலவற்றின் வாயில் இப்படிப் பார்க்கலாம், எங்கே மாட்டியதோ, கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருக்கும் என்றான். மாலத்தீவில் 2010இல் சுறா பிடிக்கத் தடை போட்டார்கள். ஆனால் சுறாவுக்குக் கடல் எல்லை தெரியாதே. "உங்கள் ஊரில் பிடிப்பார்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். என் மாமா என்று ஆரம்பித்துவிட்டு, முன்பெல்லாம் என்று முடித்தேன். அவன் விட்டுவிட்டான். பிறகு அவனாகவே சொன்னான், அவனுடைய தாத்தாவும் பிடித்தவர்தான். ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்துப் படகு மரத்துக்குப் பூசுவார்களாம். "அவர் பிடித்த மீனுக்கு நான் சாப்பாடு போடுகிறேன்" என்று சிரித்தான்.

சாப்பாடு போட்டு வரவழைப்பது சரியா என்றும் கேட்டேன். மீனவர்கள் எப்படியும் கழிவைக் கொட்டத்தானே செய்கிறார்கள் என்பது அவன் பதில். எனக்கு அது பாதிதான் சமாதானம். ஆனால் 120 டாலர் கொடுத்து முன்வரிசையில் முழங்காலிட்டவன் அதற்கு மேல் வாதாடினால் நன்றாக இருக்காது.

மாலையில் ஹெதிகா. வடை, போண்டா வகையறாவுக்கு இங்கே உள்ள பெயர். உருண்டையாக இருந்தால் குல்ஹா, முக்கோணமாக இருந்தால் பஜியா. உள்ளே எல்லாம் மீன்தான். தட்டு நிறைய வைத்துவிட்டுப் போகிறார்கள். தின்றதை நாமே எண்ணிச் சொன்னால் போதும். நான் ஒன்பது என்றேன். கடைக்காரர் எண்ணிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காலை ஐந்தேகாலுக்குப் படகு. திரெஷர் சுறாவைப் பார்க்க வேண்டுமென்றால் விடியலில் ஆழத்துக்குப் போக வேண்டும். காற்று திசை மாறி அலை தூக்கியது. கடற்கரையில் பிறந்தவன் என்ற பெருமையெல்லாம் பத்து நிமிடத்தில் படகின் ஓரத்தில் போய்விட்டது. ஜெர்மன் பெண் இஞ்சி மிட்டாய் கொடுத்தார்.

ஆறு மீட்டரிலேயே இடது காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினால் திறக்க வேண்டும். திறக்கவில்லை. ஆணி அடிப்பது போல் வலி. வழிகாட்டி என்னை ஒரு மீட்டர் மேலே கூட்டிப் போய், தலையைச் சாய்த்து ஊதச் சொல்லி, மறுபடி இறக்கினான். மூன்றாம் முறைதான் "பிப்" என்று திறந்தது. மற்றவர்கள் அதற்குள் கீழே புள்ளியாகிவிட்டார்கள்.

இருபத்தெட்டு மீட்டர். வெளிச்சம் இன்னும் வரவில்லை, எல்லாம் சாம்பல் நீலம். வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் நான்கைந்து விநாடி. உடம்பு எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு வால், கொடி பறப்பது மாதிரி பின்னால் ஆடுகிறது. முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண், பயந்த குழந்தைக்கு இருக்குமே அப்படி. வாலைச் சாட்டையாக வீசித்தான் மீனை அடிக்குமாம். நாங்கள் பார்த்தபோது அது எதையும் அடிக்கவில்லை, எங்களைக் கண்டதும் போய்விட்டது.

இனித்தான் கதையே. திரும்பும் வழியில் பாரின் மேல்தட்டில், பத்துப் பன்னிரண்டு மீட்டரில், நிதானமாக வந்துகொண்டிருந்தோம். ஒரு அஞ்சாலை, விலாங்கு மாதிரி மீன், பொந்துக்குள்ளிருந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பேராமை ஒன்று யாரையும் சட்டை செய்யாமல் மேய்ந்தது. அப்போது வழிகாட்டி என்னைப் பார்த்துக் கையைத் துப்பாக்கி மாதிரி வைத்து ஆட்டினான். எனக்கு அந்தச் சைகை மறந்துபோயிருந்தது. ஏதோ விளையாடுகிறான் என்று நானும் திருப்பிச் சுட்டேன்.

கிளாத்தி மீன் என்று அர்த்தம்! அதிலும் டைட்டன் கிளாத்தி, முக்கால் மீட்டர் வரை வளரும் ஜாதி. மணலில் குழி பறித்து முட்டையிட்டுக் காவல் இருக்கும் நாளில் அதற்குக் கண்மண் தெரியாது. அதன் எல்லை குழியிலிருந்து புனல் மாதிரி மேலே போகப் போக அகன்றுகொண்டே போகும். ஆகவே துரத்தினால் பக்கவாட்டில் ஓட வேண்டும், மேலே போகக்கூடாது. புத்தகத்தில் படித்ததுதான். நான் மேலே போனேன். அது பல்லைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. வலது ஃபின்னில் ஒரு இழுப்பு. உதைத்தேன். மறுபடி ஒரு இழுப்பு. புலிச் சுறாவுக்கு முன்னால் கைகட்டி நின்றவன், சமையல் சட்டியில் அடங்கிவிடும் மீனிடம் இப்படி ஓடினேன்.

ஃபின்னின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டு காணவில்லை. நஷ்டஈடு கேட்பார்கள் என்று பர்ஸை எடுத்தேன். கடைப் பையன்கள் சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார்கள். மூலையில் அதே மாதிரி கடிபட்ட ஃபின்கள் நாலைந்து. என்னுடையதையும் அதில் போட்டார்கள்.

காது அடைப்பு போகவில்லை. நாளை சுத்தியல் தலைச் சுறா, எங்கள் ஊரில் கொம்பன் சுறா, அதைப் பார்க்கப் போவதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அரைமணி நேரம் வருத்தப்பட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கடைகள் மூடிக் கிடக்கின்றன. தீவே தூங்குகிறது.

நேற்று மாலை தேநீர்க்கடையில் வீட்டுக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர், "சார் நம்ம ஊரா?" என்றார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். இங்கே பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறார், ஆறு வருடமாகிறதாம். இன்று மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கு மாலேயிலிருந்து படகில் வருவித்திருந்தார். கூட மீன்கறி, குடம்புளி போட்டது. ஐந்து நாள் தேங்காயும் எலுமிச்சையுமாகப் போன நாக்கு ஊர் திரும்பியது. காய்கறி விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். தக்காளி கப்பல் தாமதித்தால் ரசம் கிடையாது என்றார்.

"ஸ்கூபா போனீங்களா சார்?"

"போகாமலா? மேல் எல்லாம் வலி."

"நான் ஆறு வருசத்துல காலு நனச்சதோட சரி. பிள்ளைங்க கூப்பிடுதுங்க. எனக்குப் பயம்."

அவர் ஸ்கூட்டரில் தீவைச் சுற்றினோம். முழுச் சுற்றுக்கு அரைமணி நேரம் போதும். நடுவே இரண்டு நன்னீர்க் குளங்கள், ஓரமெல்லாம் சேம்பு. மாலத்தீவில் இப்படி ஒரு பச்சையை நான் எதிர்பார்க்கவில்லை. ஃபுவா என்றால் பாக்கு என்று ஆசிரியர் சொன்னார். சிங்களத்தில் புவக், வடமொழியில் பூகம். பாக்குத் தீவுக்கு வந்து வெற்றிலை கேட்டேன், கிடைத்தது. இபின் பதூதா இங்கே எழுபது நாள் தங்கி இரண்டு கல்யாணம் செய்துகொண்டாராம். எனக்கு ஐந்து நாளில் ஒரு காது போனது.

வடக்கு முனையில் தூண்டு கடற்கரை. மணலுக்குப் பதில் வழவழப்பான வெள்ளைக் கூழாங்கற்கள். அலை பின்வாங்கும்போது கற்கள் உருளும் ஓசையை அடைத்த காதாலும் கேட்க முடிந்தது. கயிறு பின்னிய ஜோலி நாற்காலிகளில் நாலு கிழவர்கள். நாங்கள் போனதும் பேச்சை நிறுத்தாமலே ஒருவர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அரை இளநீர் என் கைக்கு வந்தது.

பிப்ரவரி 8, சனி

பயணம். பை என்னோடேயே வந்தது. மாலேயில் ஒரு காபி 65 ருஃபியா. மறுபடி பெருக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய், ஊரில்

காது மருத்துவர் சவ்வு கிழியவில்லை, வீக்கம்தான் என்றார். மூன்று வாரம் தண்ணீருக்குள் தலை போகக்கூடாது.

மாமா வீட்டுக்குப் போனேன். மாசிக் கருவாடு ஒரு பாக்கெட் வாங்கி வந்திருந்தேன். அதை முகர்ந்து பார்த்துவிட்டு அத்தையிடம் கொடுத்தார். வழிகாட்டி எடுத்துத் தந்த காணொளியை என் கைப்பேசியில் காட்டினேன். கிண்டல் செய்வார் என்று பதிலோடு தயாராக இருந்தேன். செய்யவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைத் தூரத்தில் பிடித்து, கிட்டே கொண்டுவந்து பார்த்தார். சத்தமே இல்லை. புலிச் சுறா தலைக்கு மேலே கடக்கும் இடம் வந்ததும், "நிறுத்து" என்றார்.

"வயிறு தள்ளியிருக்கு பாரு. குட்டி உண்டு."

நான் இருபது தடவை பார்த்த காணொளி. எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு தெரிந்தது.

"வாயோரத்துல பாருங்க மாமா, தூண்டில் முள்ளு."

மாமா படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். கலங்கலாகத்தான் தெரிந்தது, துருவும் பாசியும். வளைவு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. அவர் ஒரு விநாடி பார்த்திருப்பார்.

"இது நம்ம முள்ளு இல்ல. நம்மது இப்படி வளையாது" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அத்த சோறு எடுத்து வச்சிருக்கா, வா" என்று எழுந்தார்.

சாப்பிடும்போது இன்னொரு தடவை காட்டு என்றார்.